நாலு சொல் பின்னால்

சிரிக்க வைக்கிறேன் என்று சத்தியம் செய்துகொண்டுதான் அந்தப் பெண் மைக்கைப் பிடித்தாள். "ஒரு தமாஷ் வச்சிருக்கேன். கேட்டீங்கன்னா வயிறு புண்ணாகிடும். ஆனா இப்ப சொல்ல மாட்டேன், கடைசியிலதான். நடுவுல எந்திரிச்சுப் போறவங்களுக்குத்தான் நஷ்டம்" என்றாள். திடலில் உட்கார்ந்திருந்த அறுபத்து மூன்று பேரில், எழுந்து போகலாமா என்று வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் மறுபடி உட்கார்ந்தார்கள். அறுபத்து மூன்று என்பது ஏட்டு ஆதிமூலத்தின் எண்ணிக்கை. ஆண்கள் நாற்பத்தொன்பது, பெண்கள் பதினொன்று, கைக்குழந்தைகள் மூன்று. குழந்தைகளை எண்ணாதீர் என்று பழைய இன்ஸ்பெக்டர் சொல்வார், எண்ணும் என்று அடுத்து வந்தவர் சொன்னார், இப்போது இருப்பவரோ ஒருமுறை, "மூணு குழந்தைன்னு போட்டிருக்கீரு, பேரு எங்கய்யா?" என்று கேட்டார். பேரு வைக்கலைங்க ஐயா, இன்னும் தொட்டில் போடலை என்று ஆதிமூலம் ஒரு நிமிடம் உண்மையாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மணி ஆறே கால். வெயில் இன்னும் துணிக்கடைப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேடைக்கு நேர் கீழே, மேடை விளிம்பில் முழங்கால் இடிக்கிற மாதிரி ஒரு மேஜை, அதில் அவரும் குணாளனும். கூட்டம் போடுகிறவர்களே தங்களைக் கண்காணிக்க வருகிறவர்களுக்கு மேஜையும் நாற்காலியும் போட்டு, ஆளுக்கு ஒரு சோடாவும் வைப்பது இந்த ஊரில் பழக்கமாகிவிட்டிருந்தது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. சீருடை இல்லாமல் வெள்ளைச் சட்டையில்தான் இருவரும் வந்திருந்தார்கள், ஆனால் ஊருக்கே தெரியும். உளவுப் பிரிவின் சுருக்கெழுத்து ஏட்டுகள். மேடையில் யார் என்ன பேசினாலும் கோடும் புள்ளியுமாக எடுத்துக்கொண்டு போய், விடிவதற்குள் தட்டச்சு செய்து, இது நான் நேரில் கேட்டு எழுதியது என்று கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பவேண்டும். மேலே என்றால் ஒரு பச்சை அலமாரி. அதற்கு மேலே போனதாக ஆதிமூலத்துக்குத் தகவல் இல்லை.

சோடாவைக் குடித்திருக்கக் கூடாது. பத்தொன்பது வருஷமாகத் தெரிந்த விஷயம், பேச்சு முடியும்வரை எழுந்து போகமுடியாத வேலை இது. சோடாவைத் தொடாதே என்று முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டாயிற்று, ஆனால் இன்றைக்கு அந்தப் பெண்ணின் பெயரைக் கூட்டத் தலைவர் அறிவித்ததும் ஒரே மடக்காகக் குடித்துவிட்டார். "அடுத்து, முதலாமாண்டு மாணவி செல்வி பிலோமினா சவரிராயன் உரையாற்றுவார்." பெயரை எழுதியது கை. கைக்கு வெட்கமில்லை. பக்கத்து நாற்காலி சுருக்கெழுத்து ஏட்டு சவரிராயனின் மகள். போலீஸ் குவார்ட்டர்ஸில் எதிர்வீடு. இரட்டைச் சடையோடு தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டு, கவாத்து இன்ஸ்பெக்டர் மாதிரியே கீச்சுக்குரலில் "ஏ லெஃப்ட் டேர்ர்ன்" என்று கத்தி, பல் தேய்த்துக்கொண்டிருந்த நாலு கான்ஸ்டபிள்களை உண்மையாகவே திரும்ப வைத்த குட்டி. ஆதிமூலத்தின் சம்சாரம் வேதவல்லி குரலில், "இந்தா, காப்பி ஆறிப்போகுது" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கூப்பிட்டு, அவரை உள்ளே ஓடவைத்து, அடுப்பில் பாலே ஏறாததைப் பார்த்து அவர் திகைக்கிறதை எட்டிப் பார்த்துக் கைகொட்டியவள். இப்போது பதினெட்டு வயது இருக்கும். நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கமாட்டார். மேடை விளிம்பில் அவள் கால் மட்டும் தெரிந்தது, நீலவார்ச் செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்கையும் பார்க்க வேண்டாம் என்று தாளைப் பார்த்தார். அவளுடைய அப்பன் நாற்பது நாளாக சஸ்பெண்டில் இருக்கிறான். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லித் தாள் வந்துவிட்டது. எழுதாத ஒரு நோட்டீஸை எழுதியதாக. எழுதியவர் இந்த மேஜையில் உட்கார்ந்து, மகள் பேசுவதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்.

"நான் பேசப் போறது நான் எழுதினது இல்ல" என்றாள் பிலோமினா. "வேற ஒருத்தர் எழுதினது. யாருன்னு கண்டுபிடிக்கிறவங்களுக்கு ஒரு சோடா." கூட்டத்தில் யாரோ, "உங்க வாத்தியாரா?" என்றார். "எங்க வாத்தியாருக்கு வருகைப்பதிவு மட்டும்தான் எழுதத் தெரியும்" என்றாள். சிரிப்பு. கை எழுதியது: சிரிப்பு. அடைப்புக்குறிக்குள் போடவேண்டும், நீதிமன்றத்தில் கேட்பார்கள், எந்த இடத்தில் சிரித்தார்கள், எத்தனை பேர் சிரித்தார்கள். அவள் தொண்டையைச் செருமினாள், வானொலிச் செய்தி வாசிக்கிறவர் குரல் வந்தது, அச்சாக, அந்த மூச்சிழுப்போடு: "நாம் பேசினால் ஒழுங்கீனம். நாம் இருவர் சேர்ந்து பேசினால் சதி. மூவர் சேர்ந்து தேநீர் குடித்தால் அது கூட்டம்." கை எழுதிக்கொண்டு போயிற்று. காதிலிருந்து கைக்கு ஒரு குழாய் போகிறது, அதில் ஆதிமூலம் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததே அதுதான், பொருளைக் கேட்காதே, ஒலியைக் கேள், பொருளைக் கேட்டால் கை நின்றுவிடும். பேச்சாளருக்கு நாலு சொல் பின்னால் போய்க்கொண்டே இரு. நாலு சொல் பின்னாலேயே போய் வாழ்க்கை முடிந்துவிட்டது. கல்யாண வீட்டில் ஒருத்தர் சௌக்கியமா என்று கேட்டால், தொடைமேல் விரல் ஒரு கோட்டைப் போட்டு முடித்தபிறகுதான் சௌக்கியம் என்று வாயில் வருகிறது. ஒழுங்கீனம் என்பதற்கு ஒரு கொக்கி, சதிக்கு ஒரு சிறு கோடு. எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. அது ஒன்றும் புதிதில்லை. நாற்பது நாளாக எதைக் கேட்டாலும் அந்த நோட்டீஸாகத்தான் கேட்கிறது. பஸ்ஸில் கண்டக்டர் உள்ளே போங்க உள்ளே போங்க என்றால்கூட அதில் இரண்டாவது பத்தி ஓடுகிறது. கோயிலில் ஐயர் சொல்வதில் மூன்றாவது பத்தி. தலைக்குள் யாரோ ஸ்டென்சிலை மாட்டிப் பிரதியெடுக்கும் உருளையைச் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நேற்று வேதவல்லி, "என்ன எப்பப் பாத்தாலும் வாய் முணுமுணுக்குது, மந்திரமா?" என்றாள். கண்ணாடி போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள் வேறு. ஒண்ணுமில்லை, வேலை என்றார்.

நாளைக் காலை பத்தரை. டி.எஸ்.பி. அறை. போன வாரம் அதே அறையில் அவரை நிற்கவைத்து, மேஜைமேல் ஒரு தாளைத் தள்ளினார் டி.எஸ்.பி. மூக்கால் பேசுகிற மனுஷர். பிலோமினா இருந்தால் அப்படியே எடுத்துவிடுவாள். "ஆதிமூலம், நீர்தான் சீனியர். இந்தக் கோழிக் கிறுக்கலைப் படிச்சுச் சொல்லும். படிச்சுட்டு யாரு கைன்னும் சொல்லும்." சுருக்கெழுத்தில் இருந்தது அது. நோட்டீஸின் முதல் வரைவு. யாருக்குப் புரியப்போகிறது என்று நினைத்துத்தான் கோடும் புள்ளியுமாக எழுதினார். உலகத்தில் மற்ற எவன் எழுதினாலும் எழுதியதைக் கிழித்திருப்பான், எரித்திருப்பான். சுருக்கெழுத்துக்காரனுக்குத்தான் அந்தத் திமிர், பூட்டு இல்லாமலே பூட்டிவைத்த மாதிரி நினைத்துக்கொள்வது. ஸ்டென்சில் வெட்டும் இயந்திரம் சவரிராயன் மேஜையில் இருந்ததால் அங்கே உட்கார்ந்து எழுதி, ஸ்டென்சில் வெட்டி, நூற்றிருபது பிரதி சுற்றி, வரைவுத் தாளைச் சவரிராயன் இழுப்பறையிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டார். மறதி. வேண்டுமென்றே இல்லை. வேண்டுமென்றா? இல்லை. நாற்பது நாளாக இதை ஆயிரம் தடவை புரட்டிப் பார்த்தாயிற்று. தன் இழுப்பறைக்குப் பூட்டு கெட்டிருந்தது, அவ்வளவுதான். அந்த அறையில் நின்று, தான் எழுதியதைத் தானே, தெரியாத ஆள் படிப்பதுபோல் தட்டுத்தடுமாறிப் படித்தார். நல்ல இடங்களில் வேண்டுமென்றே தப்பாகப் படித்தார். அதுதான் ரொம்ப வலித்தது, வெட்கம் கெட்ட மனசு, பயத்துக்கு நடுவிலும் வாக்கியம் பாழாகிறதே என்று அடித்துக்கொண்டது. "யாரு கை?" "ஒரு வாரம் டைம் வேணுங்க ஐயா. எல்லார் நோட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கணும்." "அந்தச் சவரிராயன் கைதான?" "ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்றேங்க." அந்த வாரம் நாளைக்கு முடிகிறது. ஆமாம் என்றால் சவரிராயன் வேலை போயிற்று. இல்லை என்றால், சுருக்கெழுத்துத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் மொத்தமே மூன்று பேர். குணாளன் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, நோட்டீஸ் ஒட்டப்பட்ட அன்றைக்கு அவன் விடுப்பில் ஊரில் இருந்தான். மூன்றில் இரண்டு போனால் மிச்சம் யார் என்று டி.எஸ்.பி.க்கும் கழிக்கத் தெரியும்.

"ஊரில் எவரும் சங்கம் வைக்கலாம்." இது பஸ் நிலையத்தில் லாட்டரிச் சீட்டு விற்கிறவன் குரல், நாளைக்குக் குலுக்கல் நாளைக்குக் குலுக்கல் என்று இழுக்கிற அந்த ராகம். கூட்டம் ரசித்தது, ஒருத்தர் பத்து சீட்டு கொடும்மா என்று கையை நீட்டினார். "வண்டி இழுப்பவருக்கு உண்டு. துணி வெளுப்பவருக்கு உண்டு. சுடுகாட்டில் குழி வெட்டுபவருக்கும் உண்டு. நமக்கு மட்டும் விண்ணப்பம் உண்டு." நல்ல கட்டு என்று ஆதிமூலம் நினைத்தார். மூன்று உண்டுக்குப் பிறகு நாலாவது உண்டு வந்து காலை வாருகிறது. இந்தப் பெண்ணுக்கு யாரோ தெரிந்தவன் எழுதிக் கொடுத்திருக்கிறான், சொற்கள் அளவாக விழுகின்றன, கைக்குச் சிரமமில்லை. மேடைப் பேச்சாளர்கள் ஒரு எழுவாயைப் போட்டுவிட்டு பயனிலையைத் தேடி மூணு தெரு சுற்றுவார்கள், இது அப்படி இல்லை, ஒரு சுருக்கெழுத்துக்காரனை மனசில் வைத்து எழுதிய மாதிரி. எந்தச் சங்கத்து நோட்டீஸோ. நெசவுக்காரர்களாக இருக்கும், இல்லை மின்வாரியம். எல்லார் கதையும் ஒன்றுதான். மணிக்கட்டு வலித்தது. வலது நடுவிரலில் பென்சில் தாங்குகிற இடம் காய்த்துப்போய்க் கல் மாதிரி. பக்கத்தில் குணாளன் குனிந்து, "அண்ணே, முணுமுணுக்காதீங்க, எனக்குக் கலையுது" என்றான். முணுமுணுக்கிறேனா என்று கேட்டார். "எழுதுறதையெல்லாம் வாய் சொல்லிக்கிட்டே போகுதுண்ணே." வாயை மூடிக்கொண்டார். ஒரு நிமிடம் மூடியிருக்கும்.

போலீஸ்காரனுக்கும் சங்கம் என்று ஒன்று வேண்டும் என்று அவருக்கு எப்போது தோன்றியது? பெரிய கொள்கை ஒன்றும் கிடையாது. பத்தொன்பது வருஷம் மற்றவர்கள் சங்கம் வைப்பதைப் போய்ப் போய் எழுதினார். சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர், தீர்மானம் ஒன்று, தீர்மானம் இரண்டு. யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், யார் யாருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி ஆயாக்கள் சங்கம் வைத்தபோது பதினேழு பேர், அதில் ஒருத்தி எழுந்து, எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடணும் என்று மட்டும் தீர்மானம் கொண்டுவந்தாள், அதற்கு எல்லாரும் கை தட்டினார்கள், கை தட்டல் என்று அடைப்புக்குறிக்குள் எழுதினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை. அதற்கப்புறம்தான் வேதவல்லிக்குக் கண் ஆபரேஷன். மூன்று நாள் விடுப்புக்கு எழுதிக்கொண்டு போய் நின்றார். "வீட்டுல யாருய்யா செத்தது?" என்றார் இன்ஸ்பெக்டர், தலையைத் தூக்காமல். யாரும் சாகலைங்க. "அப்புறம் எதுக்கு லீவு?" வேதவல்லி தனியாக டவுன் பஸ் ஏறிப்போய்க் கண்ணைக் கட்டிக்கொண்டு தனியாகவே திரும்பி வந்தாள், ரோட்டைக் கடக்க ஒரு பூக்காரி கையைப் பிடித்துவிட்டாளாம். அவர் அந்த நேரம் ஏதோ ஒரு வாலிபர் மன்ற ஆண்டு விழாவில், குத்துவிளக்கு ஏற்றியவர் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். மேடையில் குரல் மாறியது, பங்குச் சாமியார் பிரசங்கம் மாதிரி, குழைந்து, ஒவ்வொரு சொல்லையும் தடவிக்கொடுத்து: "விடுப்புக் கேட்டால் வீட்டில் யார் செத்தது என்று கேட்கிறார்கள். யாரும் சாகாமல் இருக்கத்தான் விடுப்புக் கேட்கிறோம்." பெண்கள் பக்கத்தில் ஒரு கிழவி த்சொ த்சொ என்றாள். பாரு, எல்லா ஆபீஸிலும் அதே கேள்விதான் கேட்கிறான்கள் என்று ஆதிமூலம் நினைத்தார், கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. கை எழுதியது, வாய் கூடவே போயிற்று.

சவரிராயனுக்குத் தெரியுமா? இங்கேதான் எப்போதும் வந்து முட்டுகிறது. நாற்பது நாளில் எத்தனை வழியாகச் சுற்றிப்போனாலும் இந்த முட்டுச்சந்துதான். அந்த வரைவைச் சவரிராயனிடமும் காட்டித்தான் கேட்டிருப்பார்கள். பதினான்கு வருஷம் பக்கத்து நாற்காலி. இவர் விட்டதை அவனும், அவன் விட்டதை இவரும் பார்த்து எழுதி நிரப்பியவர்கள். ஒவ்வொருத்தர் கோடும் ஒவ்வொரு மாதிரி, சவரிராயன் கொக்கியை அகலமாகப் போடுவான், இவர் புள்ளியை எப்போதும் கோட்டுக்குச் சற்று தள்ளி வைப்பார். தாளைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஒருவேளை டி.எஸ்.பி. அவனிடம் தாளைக் காட்டவே இல்லையோ. இல்லை, காட்டியிருப்பார். ஒருவேளை அவனாகச் சொல்லட்டும் என்று, அவன் என்றால் நான், நானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறானோ. தண்ணீர்க் குழாயடியில் போன ஞாயிற்றுக்கிழமை நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். சவரிராயன் குடத்தை நகர்த்தி, "நீங்க பிடிங்கண்ணே, உங்களுக்கு டியூட்டி இருக்கும்" என்றான். அவ்வளவுதான். அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று எட்டு நாளாக யோசித்தாயிற்று. உங்களுக்கு டியூட்டி இருக்கும். உங்களுக்கு என்பதில் அழுத்தமா, டியூட்டி என்பதில் அழுத்தமா? ஒலியைக் கேட்கப் பழகிய காது, அன்றைக்குப் பார்த்து ஒலியை விட்டுவிட்டது. வாசலில் அப்போது இந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள், தலைமுடியைக் கோதிக்கொண்டு. "என்ன மாமா, நல்லா இருக்கீங்களா, விரல் எல்லாம் சுகமா?" என்றாள். விரலையா கேட்டாள்? ஆமாம், விரலைத்தான் கேட்டாள். குறும்புக்காரி, எதையாவது கேட்பாள்.

நோட்டீஸில் போலீஸ் என்ற சொல் ஒரு இடத்திலும் வராமல் பார்த்துத்தான் எழுதியிருந்தார். பயம். நாம், நமக்கு, நம்முடைய. சாப்பாட்டுக்கூடத்துச் சுவரில், கழிவறைக் கதவுக்குப் பின்னால், கவாத்து மைதானத்து வேப்பமரத்தில் ஒட்டினார், பசை கையில் காய்ந்துபோய்ச் சோற்றில் வாடை வந்தது. காலையில் கழிவறையில் உள்ளே போன கான்ஸ்டபிள்கள் வெளியே வர நேரமாயிற்று, வரிசை நீண்டது, உள்ளே இருந்தவனைத் திட்டியவன் தானும் உள்ளே போய் அதேபோல் நேரமாக்கினான். பத்தொன்பது வருஷத்தில் அவர் எழுதியதை வேறு ஆள் படித்து அவர் பார்த்தது அன்று ஒருநாள்தான். சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல வேண்டும், சந்தோஷமாகத்தான் இருந்தது. மத்தியானம் எல்லாவற்றையும் கிழித்தார்கள், சாயங்காலம் இழுப்பறைகளைத் திறந்தார்கள்.

மேடையில் பேச்சு நின்றிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றிருக்கிறது என்று தெரியவில்லை, கை ஓடிக்கொண்டிருந்தது, அப்புறம் அதுவும் நின்றது. தலைவர் பின்னாலிருந்து, "என்னம்மா, மறந்துபோச்சா?" என்றார். "இல்ல ஐயா, தமாஷுக்கு நேரம் வந்துடுச்சான்னு பாக்குறேன்" என்றாள் பிலோமினா. "இன்னும் கொஞ்சம் பொறுங்க." கூட்டத்தில் ஒருத்தர், "சொல்லித் தொலையும்மா, பஸ் போயிரும்" என்றார். சிரிப்பு. இதோடு மூன்றாவது தடவை, வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டு நிற்கிறாள். மேடைக் கூச்சமாக இருக்கும், பாவம், வீட்டில் சரியாகச் சாப்பாடு உண்டோ என்னவோ. நீலவார்ச் செருப்பு மேஜைக்கு நேர் மேலே வந்தது. மைக்கைத் தாங்கியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள் போலிருக்கிறது, வயர் பலகையில் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புக் கால் இரண்டும் மேஜைக்கு முன்னால் தொங்கின. மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "எந்திரிம்மா, மேடை நாகரிகம்னு ஒண்ணு இருக்கு" என்றார் தலைவர். "கால் வலிக்குது ஐயா, நாற்பது நாளா வீடு தேடி அலையுறோம்ல" என்றாள். கை அதையும் எழுதியது. ஆதிமூலம் இன்னும் குனிந்தார், தாளில் மூக்கு படுகிற அளவுக்கு. அந்த வார்த்தையைக் கேட்கவில்லை, ஒலியைத்தான் கேட்டார், ஒலியைத்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். முடியட்டும். சீக்கிரம் முடியட்டும், மூத்திரம் முட்டுகிறது, வீட்டுக்குப் போகவேண்டும், தட்டச்சு செய்யவேண்டும், பத்தரைக்கு என்ன சொல்வது என்று யோசிக்கவேண்டும். ஒப்பிட்டுப் பார்த்தேங்க ஐயா, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்படிச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் டி.எஸ்.பி. என்ன செய்வார், சவரிராயன்தான் என்று தானே எழுதிக்கொள்வார், தான் ஒன்றும் சொல்லாமலே காரியம் முடிந்துவிடும், பாவமும் பாதிதான். பாதிப் பாவம். அப்படி ஒன்று இருக்கிறதா? இருக்கட்டும், அசதியாக இருக்கிறது, பாதியே இருக்கட்டும்.

அவள் மறுபடி ஆரம்பித்தாள். இந்தமுறை எந்தக் குரலும் எடுக்கவில்லை, அவள் சொந்தக் குரல் போலிருந்தது, கொஞ்சம் கட்டியிருந்தது. "இந்தத் தாளை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். கிழித்ததை மட்டும் மறந்துவிடாதீர்கள். எழுதியவர் யார் என்று தேடுவார்கள்." குணாளன் பென்சில் பக்கத்தில் கீசிக்கீசி வந்தது, அவனும் நாலு சொல் பின்னால்தான் வருகிறான், தேறிவிடுவான். ஆதிமூலத்தின் கை சுகமாக ஓடியது. எந்தப் பேச்சும் முடிகிற நேரத்தில் ஒரு இறக்கம் வரும், சைக்கிள் பாலத்திலிருந்து இறங்குகிற மாதிரி, மிதிக்கவே வேண்டாம், பழகிய ஊர் தானாக வரும். வணக்கம் கூறி விடைபெறுகிறேன் என்பதைப் பேச்சாளர் வாயைத் திறக்குமுன் எத்தனை தடவை எழுதியிருக்கிறார். "தேடட்டும்" என்றாள். "தேடுகிறவர்களுக்குச் சொல்லுங்கள்." அப்புறம் ஒரு இடைவெளி, யாரோ கடலைத் தோலை மிதித்தார்கள், அப்புறம் நாலு பக்கமும் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகளிலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது. வயசான குரல், சளி கட்டிய குரல், சொல்லுக்குச் சொல் சமமாக விட்டுவிட்டு, தட்டச்சுக்குச் சொல்கிற மாதிரி: "எழுதியவர் உங்களில் ஒருவர்தான். உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்."

அடிக் கழுதை, என்னையே எடுத்துவிட்டாளே என்று நினைத்தார் ஆதிமூலம். என்ன அச்சு, அந்தச் சளிகூட அப்படியே, ஒருவர்தான் என்பதில் தான் போடுகிற அந்த இழுப்பு, வேதவல்லி கேட்டிருந்தால் உலையை இறக்கிவைத்துவிட்டு வாசலுக்கு வந்திருப்பாள். டி.எஸ்.பி.யை விட்டு, கவாத்து இன்ஸ்பெக்டரை விட்டு, போயும் போயும் கீழே உட்கார்ந்து எழுதுகிறவனைப் போய். அவருக்கு லேசாகப் பெருமையாகக்கூட இருந்தது, ஒருத்தி பகடி செய்கிற அளவுக்குத் தன்னிடம் ஒரு குரல் இருந்ததே என்று. ஒலி தையல்கடைச் சுவரில் மோதித் திரும்பி வந்தது, பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், உட்கார்ந்திருக்கிறார். சிரிப்பு என்று எழுதப் பென்சிலைக் கொண்டுபோனார். யாரும் சிரிக்கவில்லை. கீச்சொலியும் இல்லை. குணாளன் பென்சில் நின்றிருந்தது, தேடுகிறவர்களுக்குச் சொல்லுங்கள் என்ற இடத்தில் கோடு முடிந்து, அதற்கப்புறம் அவன் தாள் வெள்ளையாக இருந்தது. அவன் தாளைப் பார்க்கவில்லை, இவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர் தாளில் அதற்கு மேல் இரண்டு வரி இருந்தது. பேச்சு நின்றால் கை நாலு சொல் ஓடித்தான் நிற்கும், எந்த ஏட்டுக்கும் அது இயல்பு, ஆனால் இது நாலு சொல் இல்லை, இரண்டு முழு வரி, புள்ளி கோட்டுக்குச் சற்றுத் தள்ளி வைத்து, முற்றுப்புள்ளியோடு. மூன்று தடவை நிறுத்தினாளே. மூன்று தடவையும் எங்கே பார்த்துக்கொண்டு நின்றாள்? விரலெல்லாம் சுகமா மாமா. கழுத்தை நிமிர்த்த அவருக்கு ரொம்ப நேரமாயிற்று. பிலோமினாவின் கண் சிவந்து நனைந்திருந்தது. உதடுகள் இறுக மூடியிருந்தன, பேசி வெகுநேரமான மாதிரி. அவள் கை நீண்டிருந்தது, அந்தக் கையின் நுனியில் மைக், அசையாமல், அவருடைய வாய்க்கு இரண்டு விரல்கடை கீழே.